உரிமத்துக்கு முன்னால் ஓர் அரைமணி நேரம்: சென்னை மாநகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
ஆணையர் அவர்கள், பெருநகர சென்னை மாநகராட்சி
கால்நடை மருத்துவப் பிரிவின் அலுவலர்கள் மற்றும் மருத்துவர்கள்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். வளர்ப்பு நாய்களுக்கு உரிமம் பெறுவதைக் கட்டாயமாக்கி, நாயின் தோலுக்கடியில் அடையாள எண் கொண்ட மைக்ரோசிப் பொருத்துவதையும் அதனோடு இணைத்து, உரிமம் இல்லாதவர்களுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று 2025-ஆம் ஆண்டின் இறுதியில் தாங்கள் அறிவித்தபோது, நாய் வளர்ப்போரிடையே பரவலான முணுமுணுப்பு எழுந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. வெறிநோய்த் தடுப்பூசி போடப்பட்ட நாய் எது, அதற்குப் பொறுப்பானவர் யார் என்பது பல லட்சம் பேர் நெருக்கியடித்து வாழும் ஒரு நகரத்தின் நிர்வாகத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. என் குறை வேறு. உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது நாயின் படம், தடுப்பூசிச் சான்று, உரிமையாளரின் முகவரிச் சான்று ஆகியவை கேட்கப்படுகின்றன. இவை எல்லாமே நாய் வீட்டுக்குள் வந்துவிட்ட பிறகு கேட்கப்படுபவை. அந்த வீடு நாய் வளர்க்கத் தோதான வீடுதானா என்பதை வாங்குவதற்கு முன்னால் எவரும் கேட்பதில்லை. விற்பவர் கேட்கமாட்டார், வாங்குபவருக்கு என்ன கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது தெரியாது.

ஆகவே, முதன்முறையாக நாய் வளர்க்க விரும்பும் குடும்பங்களுக்கு, நாயை வாங்கும் முன்பே, தங்கள் செல்லப்பிராணி சிகிச்சை மையங்களில் அரைமணி நேர ஆலோசனை ஒன்றை ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கோரவே இம்மடலை எழுதுகிறேன். திரு.வி.க. நகர், நுங்கம்பாக்கம், கண்ணம்மாப்பேட்டை, மீனம்பாக்கம் முதலிய இடங்களில் அத்தகைய மையங்களைத் தாங்கள் நடத்தி வருவதால், புதிதாகக் கட்டடம் எதுவும் தேவையில்லை. அங்கே என்ன பேச வேண்டும் என்பதை என் அனுபவத்திலிருந்து விரிவாகவே சொல்லிவிடுகிறேன். கைவிடப்பட்ட வளர்ப்பு நாய்களுக்கு வேறு வீடு தேடித் தரும் நண்பர் குழுவொன்றில் நெடுங்காலமாக இருக்கிறேன். எங்களிடம் வந்து சேரும் நாய்களில் பெரும்பாலானவை கொடுமைக்காரர்களின் வீடுகளிலிருந்து வந்தவை அல்ல என்பதை முதலில் பதிவு செய்ய விரும்புகிறேன். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டி, பெயர் வைத்து, மெத்தை வாங்கிப் போட்டு வளர்த்தவர்கள்தாம் ஒன்றரை வருடம் கழித்து, 'எங்கேயாவது நல்ல இடமாகப் பாருங்கள்' என்று அழுதுகொண்டே கயிற்றை எங்கள் கையில் கொடுக்கிறார்கள். அன்புக்குக் குறைவில்லாத வீடுகளில் முன்யோசனை மட்டும் இல்லாமல் போயிருக்கிறது.

ஒரு குட்டி எப்படி விலைபோகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். வெள்ளிக்கிழமை இரவு கைப்பேசியில் ஒரு படம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தோடு போய்ப் பார்க்கிறார்கள். பார்த்த பிறகு வேண்டாம் என்று சொல்ல எந்தக் குழந்தையும் விடாது. 'நாற்பத்தைந்து நாள் குட்டி சார், தாராளமாக எடுத்துக்கொண்டு போகலாம்' என்பது இந்த வியாபாரத்தில் மந்திரம்போல ஓதப்படும் வாசகம். ஆனால், மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி எட்டு வாரம், அதாவது 56 நாள், நிறைவடையாத குட்டியை விற்கக் கூடாது. விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். பதினொரு நாள் வித்தியாசத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் புரண்டு விளையாடும் அந்த நாட்களில்தான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் அடுத்தவருக்கு வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. அதைக் கற்காமல் வந்த குட்டி, புது வீட்டில் குழந்தையின் கணுக்காலை ஊசிப்பல்லால் பதம் பார்க்கும்போது, 'இது முரட்டு நாய்' என்ற பெயர் வாங்கிவிடுகிறது.

அதைவிடப் பெரிய ஆபத்து பார்வோ. பார்வோ வைரஸ் தொற்றிய குட்டிக்கு உடனே எதுவும் தெரியாது. பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாட்களுக்குள் அறிகுறிகள் தலைகாட்டும். வாங்கிய இடத்தில் துள்ளிக்கொண்டிருந்த குட்டி, வந்த நான்காவது நாள் பாலைத் தொடாது. மூலையில் போய்ச் சுருண்டு படுக்கும். நுரையும் மஞ்சளுமாக வாந்தி எடுக்கும். மறுநாள் துர்நாற்றத்தோடு ரத்தபேதி தொடங்கும். ஒரு கைக்குள் அடங்கும் அந்த உடம்பின் முன்னங்காலில் மயிரை மழித்து, நரம்பு தேடி ஊசி குத்தி டிரிப்ஸ் ஏற்றும்போது, தினமும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் குடும்பம் அதற்கு முன்பு பார்வோ என்ற சொல்லைக்கூடக் கேள்விப்பட்டிருக்காது. பல குட்டிகள் பிழைப்பதில்லை. துக்கத்தை ஆற்றிக்கொள்ள அடுத்த வாரமே இன்னொரு குட்டியை அதே வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். அந்த வைரஸ் தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும் என்பதையும், சாதாரண சோப்புத் தண்ணீருக்கு அது சாகாது, பிளீச்சிங் கரைசல்தான் வேண்டும் என்பதையும் யாரும் சொல்லாததால், இரண்டாவது குட்டியும் அதே வழியில் போகிறது. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, பிறகு மூன்று அல்லது நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை தொடர் ஊசிகள், மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, இடையிடையே குடற்புழு நீக்கம் என்ற அட்டவணையை, குட்டியைப் பார்க்கப் போகும் முன்பே ஒரு குடும்பம் அறிந்திருந்தால், 'ஊசியெல்லாம் போட்டாச்சு' என்று வாய்வார்த்தையாகச் சொல்பவரிடம் மருத்துவரின் கையொப்பமிட்ட அட்டையைக் கேட்கும் துணிவாவது அதற்கு வரும்.

ஆலோசனையின் முதல் கேள்வி நாயைப் பற்றியதாகவே இருக்கக் கூடாது என்பது என் கருத்து. காலை எட்டு மணி முதல் இரவு எட்டு மணி வரை வீட்டில் யார் இருப்பார்கள் என்று கேட்க வேண்டும். கணவனும் மனைவியும் பழைய மகாபலிபுரம் சாலைக்கு வேலைக்குப் போய்விட, பிள்ளைகள் பள்ளிக்கும் அங்கிருந்து டியூஷனுக்கும் போய்விட, பூட்டிய வீட்டுக்குள் பன்னிரண்டு மணி நேரம் தனியாக இருப்பது இரண்டு மாதக் குட்டிக்கு இயலாத காரியம். அந்த வயதில் அதனால் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்கி வைக்க முடியாது. மாலையில் கதவைத் திறந்ததும் ஈரத்தையும் நாற்றத்தையும் பார்த்து அதன் மூக்கை அதில் தேய்த்து அடிப்பது இன்றும் பல வீடுகளில் 'பழக்குதல்' என்ற பெயரில் நடக்கிறது. மணிக்கணக்கில் முன்பே நடந்துபோன ஒன்றுக்காக அடிபடுகிறோம் என்பது குட்டிக்கு விளங்காது. வீட்டுக்காரர் உள்ளே நுழைந்தால் அடி விழும் என்பது மட்டுமே அதன் மனதில் பதியும். வளர்ந்த பிறகு தனிமை தாளாமல் குரைக்கும், ஊளையிடும், சோபாவின் பஞ்சைப் பிய்க்கும், கதவின் அடியைப் பிறாண்டும். மூன்றாம் தளத்து நாய் ஊளையிட்டால் அடுக்ககம் முழுவதற்கும் கேட்கும். 2020 ஊரடங்கில் வீட்டிலிருந்தே வேலை செய்த நாட்களில் ஆசையாக வாங்கப்பட்ட குட்டிகள், அலுவலகங்கள் மீண்டும் திறந்ததும் எந்த நிலைக்கு ஆளாயின என்பதை நகரத்தின் எந்தக் காப்பகத்தைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இரண்டாவது கேள்வி, யாருக்காக வாங்குகிறீர்கள், யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்பது. நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் கேட்டது பிள்ளை, வாங்கித் தந்தது தகப்பன், வளர்த்தது பாட்டி. காலையில் எழுந்து கீழே கூட்டிப்போவது, மலத்தை அள்ளுவது, தட்டைக் கழுவுவது, மயிரைக் கூட்டுவது எல்லாம், நாய் வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கப்படாத அந்த மூத்த பெண்ணின் தலையிலோ, ஏற்கெனவே நான்கு வீட்டில் வேலை செய்யும் வீட்டுவேலைப் பெண்ணின் தலையிலோ விழுகிறது. முழங்கால் வலிக்கும் அறுபத்தெட்டு வயதுப் பெண்மணி, முப்பது கிலோ லாப்ரடார் ஒன்று பூனையைக் கண்டு பாயும்போது கயிற்றைப் பிடித்து நிற்க முடியுமா? கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அடுத்த வாரமே நாயை அனுப்பிவிடுவார்கள். எனவே ஆலோசனைக்குக் குடும்பத்தில் ஒருவர் மட்டும் வராமல், பகலில் வீட்டில் இருப்பவரும் உடன் வர வேண்டும் என்று விதியே வையுங்கள். பத்து வயதுப் பிள்ளை 'நானே எல்லாம் பார்த்துக்கொள்கிறேன்' என்று தரும் வாக்குறுதியை அந்த மேசையில் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். நடுத்தர அளவுள்ள நாய் பத்து முதல் பதின்மூன்று ஆண்டுகள் வாழும். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு, வெளியூர்க் கல்லூரி, முதல் வேலை எல்லாம் அந்தப் பிள்ளைக்கு அதற்குள் வந்துவிடும். நாய் கண்புரையோடும் மூட்டுவலியோடும் கிடக்கும் காலத்தில் அதைக் கேட்ட பிள்ளை பெங்களூரிலோ பெர்லினிலோ இருக்கும்.

அடுத்தது இனம். தமிழ்நாடு அரசு 2024-இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், பக் முதலிய இனங்கள் இங்குள்ள தட்பவெப்பத்துக்கு ஏற்றவை அல்ல என்று பட்டியலிடப்பட்டன. அக்கொள்கைக்கு எழுந்த எதிர்ப்புகளுக்குள் நான் போகவில்லை. ஆனால் அதன் பின்னால் இருக்கும் உடலியல் எளிமையானது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெங்கும் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதன் மூலம் ஈரத்தை ஆவியாக்கித்தான் அது வெப்பத்தை வெளியேற்றுகிறது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும் சென்னையில், அந்த ஆவியாதலும் மந்தமாகிவிடுகிறது. சைபீரியப் பனிக்காக உருவான இரட்டை மயிரடுக்கோடு ஒரு ஹஸ்கி, பெரும்பாக்கம் பக்கத்து அடுக்ககம் ஒன்றின் பால்கனியில், மேசை மின்விசிறிக்கு முன்னால், ஈரத்துணியின் மேல் வயிற்றை ஒட்டிப் படுத்துக் கிடந்ததை மே மாதத்தில் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் குளிர்சாதன வசதி இருந்தது. மின்கட்டணத்துக்குப் பயந்து இரவில் மட்டும்தான் அதைப் போட்டார்கள். தட்டை மூக்குள்ள பக், அதன் முகம் அமைந்த விதத்தாலேயே மூச்சுவிடத் திணறுவது. 2003-இல் ஒரு கைப்பேசி நிறுவனத்தின் விளம்பரம் அதை நாடெங்கும் செல்லமாக்கியது. அதன் குறட்டையைக் கேட்டு 'எவ்வளவு அழகு' என்று சிரிக்கிறார்கள். மருத்துவரைக் கேட்டால் அது மூச்சுத்தடையின் ஓசை என்பார்.

அப்படியென்றால் நாட்டு இனங்கள்தானே என்று உடனே ஒரு குரல் எழும். இதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நான்கும் நம் பெருமைதான். கால்நடை பராமரிப்புத் துறையே சைதாப்பேட்டையில் நாய் இனப்பெருக்கப் பிரிவு ஒன்றை வைத்து அவற்றைக் காத்து வருகிறது. ஆனால் அவை தென்மாவட்டங்களின் கரிசல் காடுகளிலும் தோட்டங்களிலும் வேட்டைக்கும் காவலுக்கும் உருவானவை. சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் இரையைக் கண்டு ஓடிப் பிடிப்பவை. கயிறு கையைவிட்டு நழுவினால் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது காதில் ஏறாது, சாலையில் வரும் தண்ணீர் லாரியும் கண்ணில் படாது. ராஜபாளையம் தன் வீட்டாரை விட்டால் பிறரை எளிதில் அண்டவிடாது. தினமும் முகம் தெரியாத உணவு விநியோகப் பையன்கள் ஏறி இறங்கும் அடுக்ககத்தில் அந்தக் குணம் ஒரு சுமை. தூய வெள்ளை மயிருக்காகவே தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்ததால் அவ்வினத்தில் பிறவிச் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதும் உண்டு. வாங்குபவர் குட்டியின் பின்னால் நின்று கைதட்டிப் பார்க்க வேண்டும். கூடப்பிறந்தவை திரும்புவதைப் பார்த்துச் செவிட்டுக் குட்டியும் திரும்பிவிடும் என்பதால், அதைத் தனியே பிரித்து வைத்துச் சோதிக்க வேண்டும்.

முதன்முறையாக வளர்ப்பவருக்கு என் சொந்தப் பரிந்துரை பலருக்கு உவப்பாக இருக்காது என்று தெரியும். குட்டியே வேண்டாம். இரண்டு, மூன்று வயதான, கருத்தடை அறுவை செய்யப்பட்ட, தெருவில் பிறந்த நாட்டு நாயைத் தத்தெடுங்கள் என்பேன். எவ்வளவு வளரும், குழந்தைகளிடம் எப்படி இருக்கும், மற்ற நாய்களைக் கண்டால் என்ன செய்யும் என்பதெல்லாம் தெரிந்துபோன நாய் அது. இரவில் இரண்டு மணிக்கு எழுப்பாது. செருப்பைக் கடித்துக் குதறும் பருவத்தைத் தாண்டியிருக்கும். இந்த ஊர் வெயிலுக்கு அதன் தோல் பழகியது. 1959 முதல் சென்னையில் இயங்கிவரும் புளூ கிராஸ் உள்ளிட்ட காப்பகங்களில் அத்தகைய நாய்கள் காத்துக் கிடக்கின்றன. விருந்தினர் வந்தால் காட்டிப் பெருமைப்பட இனப்பெயர் இல்லையே என்பதுதான் அவற்றுக்கு எதிரான வலுவான வாதம்; அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. உரிமக் கட்டணம் 50 ரூபாய் என்பதால் நாய் வளர்ப்பது மலிவு என்று தோன்றிவிடக் கூடாது. வளர்ந்த லாப்ரடாருக்கு உலர் தீவனம் மாதத்துக்குப் பத்து கிலோ அளவுக்குத் தேவைப்படும். ஆண்டுதோறும் தடுப்பூசி, மாதந்தோறும் உண்ணி மருந்து என்பவை ஓயாத செலவுகள். உண்ணியைச் சிறிய தொல்லை என்று எண்ணுபவர்கள் உண்ணிக் காய்ச்சலைப் பார்த்ததில்லை. நேற்று வரை ஓடியாடிய நாய் சோறு தின்னாமல் கிடக்கும், ஈறு வெளிறிப் போகும், சில சமயம் மூக்கிலிருந்து ரத்தம் வரும். ரத்தப் பரிசோதனையில், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களின் எண்ணிக்கை பாதாளத்தில் இருக்கும். சுமார் நான்கு வாரம் மாத்திரை கொடுக்க வேண்டும். சென்னையில் நாய் வைத்திருப்பவர்கள் இதற்கு ஒருமுறையேனும் ஆயத்தமாக இருப்பது நல்லது. லாப்ரடாருக்கும் அல்சேஷனுக்கும் வரும் இடுப்பு மூட்டுக் கோளாறு வேறு இருக்கிறது. வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருப்பது இந்நகரத்தின் பாக்கியம். ஆனால், நடக்க முடியாத நாயை ஏற்றிக்கொள்ளும் ஆட்டோவைத் தேடி, அங்கே வரிசையில் நின்று, மாத்திரை வாங்கித் திரும்புவதற்கு ஒருவருடைய அரைநாள் போய்விடும். அந்த விடுப்பை எடுக்கப்போவது யார் என்பதும் செலவுக் கணக்கில் சேர்ந்ததுதான்.

உணவு விஷயத்தில் சென்னைக்கே உரிய ஒரு சிக்கலைக் குறிப்பிட வேண்டும். அசைவம் உள்ளே நுழையாத வீடுகளில் நாய்க்கும் மூன்று வேளையும் தயிர் சாதம் போடுகிறார்கள். வயிறு நிறையும், மயிர் கொட்டும், தசை வற்றும். சைவ உணவிலேயே நாயை வளர்ப்பது முடியாத காரியம் அல்ல. ஆனால் போதுமான புரதத்தையும் ஊட்டச்சத்தையும் கணக்கிட்டுத் தர மருத்துவரின் வழிகாட்டுதல் வேண்டும். முட்டையாவது வருமா, கடையில் விற்கும் தீவனத்தில் கோழி இறைச்சி இருப்பதைப் பெரியவர்கள் ஏற்பார்களா என்பதை நாய் வரும் முன்பே வீட்டில் பேசி முடித்துவிட வேண்டும். அசைவ வீடுகளில் இதற்கு நேர்மாறான தவறு நடக்கிறது: வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும் என்பதறியாமல் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பின் எலும்பையெல்லாம் தட்டில் கொட்டுகிறார்கள். வெங்காயம், சாக்லேட், திராட்சை, உலர் திராட்சை ஆகியவை நாய்க்கு நஞ்சு என்பதும், காய்ச்சலாக இருக்கிறதே என்று மனிதருக்கான பாராசிட்டமாலைக் கொடுப்பது அதன் உயிருக்கே உலை வைக்கலாம் என்பதும் சுவரில் ஒட்டி வைக்க வேண்டிய செய்திகள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்துப் படித்துப் பார்க்க வேண்டும். அடுக்ககச் சங்கங்கள் நாய் வளர்ப்பதையோ மின்தூக்கியில் கூட்டிச் செல்வதையோ முற்றாகத் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. அது உண்மைதான்; என்றாலும் பதினோரு மாத ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம் என்று முடிவெடுக்கும் வீட்டு உரிமையாளரை அந்த வழிகாட்டுதலைக் காட்டித் தடுக்க முடியாது. 'வீடு மாறுகிறோம், புது வீட்டில் நாய்க்கு இடமில்லை என்கிறார்கள்' என்பது எங்கள் குழுவுக்கு வரும் அழைப்புகளில் அடிக்கடி கேட்கும் காரணம்.

காவலுக்காக நாய் வேண்டும் என்று வருபவரிடம் தங்கள் அலுவலர் கூடுதல் நேரம் செலவிட வேண்டும். 2024 மே மாதம் நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறிய கொடுமைக்குப் பிறகு, பேச்செல்லாம் எந்த இனத்தைத் தடை செய்யலாம் என்பதைச் சுற்றியே நடந்தது. அந்த வகையான நாய்களை முதன்முறையாக வளர்ப்பவர் தொடவே கூடாது என்பதே என் நிலைப்பாடும். ஆனால், எந்த இனமானாலும், மூன்று வாரம் முதல் சுமார் பதினான்கு வாரம் வரையிலான பருவத்தில் குழந்தைகள், குடை பிடித்தவர், தலைக்கவசம் அணிந்தவர், பிற நாய்கள் என எல்லோரையும் பயமின்றிப் பார்த்துப் பழகாத குட்டி, வளர்ந்த பின் பயத்தினாலேயே கடிக்கும். அதே பருவத்தில்தான் தடுப்பூசிகளும் முடிந்திராது என்பதால் தெருவில் இறக்கி நடத்த முடியாது. கையில் தூக்கிக்கொண்டு போய் உலகத்தைக் காட்ட வேண்டும். இதை அறியாமல், 'உக்கிரமாக இருக்கட்டும்' என்று வாகன நிறுத்துமிடத்துத் தூணில் நாள் முழுதும் சங்கிலியில் கட்டிப்போட்டு வளர்க்கிறார்கள். அந்த நாய்க்குத் திருடனும் ஒன்றுதான், பந்தை எடுக்க வந்த பக்கத்து வீட்டுச் சிறுவனும் ஒன்றுதான். அப்படி நேரும் கடியை, தடுப்பூசி போட்ட சொந்த நாய்தானே என்று விட்டுவிடும் வழக்கமும் இருக்கிறது. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதையும், வெறிநோயின் அறிகுறிகள் தோன்றிய பிறகு ஏறக்குறைய யாரையும் காப்பாற்ற முடிந்ததில்லை என்பதையும் அந்த அரைமணி நேரத்தில் அழுத்தமாகச் சொல்லுங்கள்.

தீபாவளி இரவில் மிரண்டு ஓடித் தொலையும் நாய்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும் பெட்டை நாயை எப்படிச் சமாளிப்பது என்று தெரியாமல் வீதியில் விட்டுவிடும் வீடுகள், கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகையில் நாயை யாரிடம் விடுவது என்று ரயில் ஏறும் முந்தைய நாள் யோசிப்பவர்கள் என்று இன்னும் எழுதிக்கொண்டே போகலாம். தங்கள் மருத்துவர்கள் இவற்றை என்னைவிட நன்கறிவார்கள்.

கோரிக்கைகளைத் திட்டவட்டமாக முன்வைக்கிறேன். முதன்முறையாக நாய் வாங்க விரும்புவோர் தங்கள் மையங்களில் வாரத்தில் ஒருநாள், வேலைக்குச் செல்வோருக்கு வசதியாக ஞாயிற்றுக்கிழமையில், முன்பதிவு செய்து வரட்டும். கட்டணம் வேண்டாம். பேச்சின் முடிவில், எளிய தமிழில் அச்சிட்ட ஒரே ஒரு தாளும், தேதி முத்திரை குத்திய சீட்டும் கொடுங்கள். அந்தச் சீட்டு கிடைத்து ஒரு வாரம் ஆன பிறகே நாயை வாங்கும்படி அறிவுறுத்துங்கள். அந்த ஒரு வாரத்தில் பலர் மனம் மாறக்கூடும்; மாறட்டும். சீட்டு இல்லாதவருக்கு விற்கக் கூடாது என்று விற்பனையாளர்களைக் கட்டுப்படுத்தத் தங்களுக்கு அதிகாரம் உண்டா என்பதைச் சட்டம் அறிந்தவர்கள் ஆராயட்டும். அதுவரை, எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்பது விதிமீறல் என்ற அறிவிப்புப் பலகையை ஒவ்வொரு செல்லப்பிராணிக் கடையிலும் தமிழில் வைக்கச் செய்வது உடனே முடியக்கூடிய காரியம். சீட்டோடு வந்து உரிமம் கேட்பவருக்கு அந்த 50 ரூபாயைத் தள்ளுபடி செய்தால் வருவாயில் பெரிய துண்டு விழாது.

இன்னொன்றும் உண்டு. எவ்வளவு யோசித்து வாங்கினாலும் நோய், வேலையிழப்பு, மரணம் என்று சூழ்நிலை மாறும் குடும்பங்கள் இருக்கவே செய்யும். இனி வளர்க்க முடியாது என்று ஒருவர் நேர்மையாக வந்து சொன்னால், அவரைக் குற்றவாளியாக நடத்தாமல், மைக்ரோசிப் எண்ணைப் பதிவு செய்துகொண்டு, நாயைத் தத்துக்கொடுக்கும் பட்டியலில் சேர்க்கும் சாளரம் ஒன்று அதே மையங்களில் வேண்டும். அது இல்லாத வரையில், அந்தச் சிப்பின் காரணமாகவே பிடிபடுவோம் என்று அஞ்சும் சிலர் நாயைச் செங்கல்பட்டைத் தாண்டிக் கொண்டுபோய் இறக்கிவிட்டுத் திரும்புவார்கள்.

முதல் ஆறு மாதத்துக்கு ஏதேனும் ஒரு மண்டலத்தில் மட்டும் இதைச் சோதனை முறையில் தொடங்கினாலும் போதும். ஆலோசனைக்கு வருவோரிடம் பேசவும், அந்த ஒற்றைத் தாளை எழுதித் தரவும், எங்கள் குழுவினர் ஊதியமின்றி வர ஆயத்தமாக இருக்கிறோம். தங்கள் பதிலை எதிர்நோக்குகிறேன்.

இப்படிக்கு,
தென்சென்னையில் நாய்களோடு வசிக்கும் ஒருவர்